அஞ்சடியில ஒரு மரப்பெட்டி

பினாங்கு ஜோர்ஜ்டவுன்ல, லெபோ பினாங்குங்கிற தெருவுல ஒரு பழைய கடைவீட்டுக்கு முன்னாடி, மத்தியானம் 12 மணி இருக்கும், ஒரு பையன் அஞ்சடியில, அதான் கடைவீட்டு வாசலோட ஓடுற கூரை போட்ட நடைபாதையில, சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். அவனுக்கு முன்னாடி தரையில ஒண்ணுமே இல்ல, ஆனா ரெண்டு கையையும் ஏதோ மேசை மேல வைக்கிற மாதிரி காத்துல வச்சிருக்கான், தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி இருக்கு. எதிர்ல நிக்கிற பொண்ணு கையில என் போன். அது வழியா அவனைப் பாத்துட்டு "டேய் கையைத் தூக்குடா, பெட்டி மறைக்குது, உன் கை தெரியல"ன்னு கத்துறா. போனுக்குள்ள பாத்தா அவனுக்கு முன்னாடி ஒரு மரப்பெட்டி இருக்கு, சாய்வான மூடி போட்ட பெட்டி, செட்டியார் கிட்டங்கியில, அதாவது அவங்க தொழில் நடத்தின கூடத்துல, வட்டிக்கடைக்காரங்க முன்னாடி வச்சு கணக்கு எழுதின அந்த மாதிரி.

இது 2019ல நடந்தது. அன்னைக்கு நாங்க பிள்ளைங்களுக்குக் காட்ட தயார் பண்ணி வச்சிருந்தது மொத்தம் 12 விஷயம், அதுல ஒழுங்கா வேலை செஞ்சது அந்தப் பெட்டி ஒண்ணுதான். மிச்சம் பதினொண்ணும் ஒவ்வொரு விதமா காலை வாரிடுச்சு. ஏன் அது மட்டும் நின்னுச்சுங்கிற கேள்வி என்னை ரொம்ப வருஷமா விடல, போன்ல இப்படி இல்லாத பொருளைக் காட்டுற ஏஆர் பத்தி நான் இன்னைக்கு நினைக்கிறது எல்லாமே அந்தக் கேள்வில இருந்து வந்ததுதான்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரில டெஸ்ட் இன்ஜினியர். 1972ல திறந்த பேட்டை அது, எங்க குடும்பத்துல ரெண்டு சித்திங்க அங்க வேலை பாத்திருக்காங்க, அப்புறம் நான். சென்சாரோடயே பொழப்பு ஓடுறதால போனுக்குள்ள என்ன இருக்குங்கிறதுல எனக்கு எப்பவும் ஒரு ஈர்ப்பு. ஜோர்ஜ்டவுன்ல நம்ம ஆளுங்க கடைங்க இருக்கிற லிட்டில் இந்தியாவை பிள்ளைங்களுக்கு புதுசா காட்டணும்ன்னு நானும் கூட வேலை செய்ற ரெண்டு பேரும், ஒரு தமிழ்ப்பள்ளி டீச்சரும் சேர்ந்து சனி ஞாயிறுல இந்த வேலையை ஆரம்பிச்சோம். ஒரு காசு யாரும் தரல, நாங்களும் கேக்கல.

ஏஆர்ன்னா ஆக்மென்டெட் ரியாலிட்டி. கேமரா காட்டுற நிஜ இடத்து மேல அங்க இல்லாத ஒண்ணை வரைஞ்சு, அது அங்கயே இருக்கிற மாதிரி நிக்க வைக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பேர் 1990கள் தொடக்கத்துல போயிங் கம்பெனில இருந்த டாம் காடெல்ங்கிறவர் வச்சது. விமானத்துக்கு ஒயர் கட்டுற ஆளுங்க பெரிய பலகை மேல ஒயரை எந்தப் பக்கம் எப்படி வளைச்சு ஓட்டணும்ங்கிறதை அவங்க கண்ணு முன்னாடியே, கை வைக்க வேண்டிய இடத்துலயே காட்டணும்ங்கிறதுதான் யோசனை. அவங்க கேட்டது தலையில மாட்டுற கருவி, கை ரெண்டும் சும்மா இருக்கணும்ல, வேலை செய்யணுமே. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி இதுக்கு திரும்பி வருவேன்.

போன் எப்படி இதைச் செய்யுதுன்னு பிள்ளைங்களுக்கு நான் பினாங்கு பாலத்தை வச்சுதான் சொல்லுவேன். பாலம் 13.5 கிலோமீட்டர், பட்டர்வொர்த் பக்கத்துல இருந்து பஸ்ல வர்றப்போ ஜன்னல் பக்கம் உக்காந்து பாருங்க, பக்கத்துல இருக்கிற விளக்குக் கம்பம் சர்ருன்னு ஓடும், தூரத்துல பினாங்கு மலை நகரவே நகராது. எது எவ்வளவு வேகமா நகருதுன்னு பாத்தே எது கிட்ட, எது தூரம்ன்னு கண்ணு கண்டுபிடிச்சிடும். போனும் அதையேதான் செய்யுது. கேமரால தெரியுற படத்துல ஓரம், மூலை, கறை, பூ வேலைப்பாடுன்னு நல்லா அடையாளம் தெரியுற புள்ளிகளைப் பிடிச்சு வச்சுக்கும், நீங்க போனை அசைக்க அசைக்க ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகருதுன்னு பாத்துக்கிட்டே இருக்கும். ஆனா கேமராவை மட்டும் நம்பினா ஒரு சிக்கல், கிட்ட இருக்கிற பொம்மை வீடும் தூரத்துல இருக்கிற நிஜ வீடும் படத்துல ஒண்ணு போலத்தான் இருக்கும், அதனால அளவு தெரியாது. அங்கதான் போன் நகர்றதையும் திரும்புறதையும் உணர்ற ஆக்சிலரோமீட்டர், ஜைரோஸ்கோப்ங்கிற ரெண்டு சென்சாரும் வருது. நீ இப்போ 10 செண்டிமீட்டர் வலது பக்கம் நகர்ந்திருக்கன்னு அது சொல்லும், கேமரா அந்தப் புள்ளி இவ்வளவு நகர்ந்துச்சுன்னு சொல்லும், ரெண்டையும் சேர்த்தா நிஜ அளவு கிடைச்சிடும். ஒரு செகண்டுல பல தடவை இந்தக் கணக்கு ஓடிக்கிட்டே இருக்கு.

இதுக்கு முன்னாடி கூகள் டேங்கோன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, அதுக்கு தனி கேமரா, ஆழம் அளக்கிற தனி சென்சார் எல்லாம் வச்ச போன் வேணும். 2017 ஜூன்ல ஆப்பிள் ஏஆர்கிட் அறிவிச்சாங்க, அதே வருஷம் ஆகஸ்ட்ல கூகள் ஏஆர்கோர் அறிவிச்சாங்க, ஏஆர் ஆப் செய்றதுக்கான மென்பொருள், ரெண்டுமே சாதாரணமா நம்ம கையில இருக்கிற போனோட ஒத்தை கேமராலயே இந்த வேலையை செஞ்சு காட்டினதும் டேங்கோவை 2018 மார்ச்சுல மூடிட்டாங்க. எனக்கு ஆசை வந்தது அந்த நேரத்துலதான். தனியா எதுவும் வாங்க வேணாம், பிள்ளைங்க வீட்டுல இருக்கிற போனே போதும்ன்னு நினைச்சேன்.

அது முழுசா உண்மை இல்லன்னு முதல் வாரமே தெரிஞ்சுச்சு. ஏஆர்கோர் ஓடணும்ன்னா அந்த போன் மாடலை கூகள் சோதிச்சு பட்டியல்ல சேர்த்திருக்கணும், விலை கம்மியான போன் நிறைய அதுல இல்ல, சிலதுல ஜைரோஸ்கோப்பே கிடையாது. டீச்சர் வகுப்புல கேட்டுப் பாத்தாங்க, பெரும்பாலான பிள்ளைங்க வீட்டு போன்ல இது திறக்கவே இல்ல. கடைசில எங்க மூணு பேர் போனும் டீச்சர் போனும் சேர்த்து நாலு போனை வச்சு மாத்தி மாத்தித்தான் காட்டினோம். வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளைக்குத்தான் இது முதல்ல போய்ச் சேரணும்ன்னு நினைச்சு ஆரம்பிச்ச வேலை, அவங்க கிட்டதான் போகாம நின்னுச்சு. அது இன்னைக்கும் என்னை உறுத்துது.

சரி, தெருவுக்கு வருவோம்.

எங்க அப்பா வயசு ஆளுங்க யாரும் லெபோ பசார்ன்னு சொல்லி நான் கேட்டதில்ல, கடைத்தெருதான். அந்தக் கடைத்தெருவுல, லெபோ பினாங்குல, லெபோ குயின்ல ஒவ்வொரு இடத்துலயும் போனைத் தூக்கினா அந்த இடத்தோட கதை காத்துல எழுத்தா மிதக்கும், இதுதான் எங்க திட்டம். 1833ல கட்டின மகா மாரியம்மன் கோயில், 1801ல காதர் முகைதீன் ஆரம்பிச்ச கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், கப்பல்ல வந்து இறங்கினவங்க தங்கின இடம், இப்படி. எந்தக் கடைக்கு முன்னாடி நிக்கிறோம்ங்கிறதை ஜிபிஎஸ் சொல்லும், எந்தப் பக்கம் பாக்குறோம்ங்கிறதை போன்ல இருக்கிற திசைகாட்டி சொல்லும்ன்னு நம்பினோம்.

போன் ஜிபிஎஸ் நல்ல திறந்த வெளியிலயே சுமார் 5 மீட்டர் முன்ன பின்ன காட்டும். ஜோர்ஜ்டவுன் கடைவீட்டோட முகப்பு எவ்வளவு அகலம், அதுவும் ஏறக்குறைய 5, 6 மீட்டர்தான். அப்போ தவறு ஒரு கடை அகலத்துக்கு வந்துடுது, நகைக்கடை முன்னாடி நின்னா பக்கத்து மளிகைக்கடை கதை வருது. ரெண்டு பக்கமும் சுவர் இருக்கிற சந்துல சிக்னல் சுவர்ல பட்டு திரும்பி வர்றதால இன்னும் மோசம். திசைகாட்டி இரும்பு ஷட்டர் பக்கத்துல போனா, நிறுத்தி வச்சிருக்கிற லோரி பக்கத்துல போனா, வேற எங்கயோ பாக்குது. கோயிலுக்கு எழுதினது எதிர்ப்பக்கத்து துணிக்கடை மேல மிதந்துச்சு.

அப்புறம் எழுத்து. இதை வெளிய யாரும் அதிகமா பேசுறதில்ல, ஆனா தமிழ்ல இந்த மாதிரி ஏதாவது செஞ்சு பாத்த எல்லாருக்கும் தெரியும். நாங்க பயன்படுத்தின மென்பொருள் கேம் செய்றதுக்குன்னு வந்தது, அதுல தமிழ் எழுத்தை ஒழுங்கா கோர்க்கத் தெரியாது. கொம்பு எழுத்துக்கு முன்னாடி வரணும்ல, அது பின்னாடி போய் ஒட்டும். "பெட்டி"ன்னு தட்டினா பகரம் முதல்ல வந்து கொம்பு அதுக்கப்புறம் தனியா நிக்கும். "கோயில்" சிதறிப் போயிடும். ஃபோண்ட் கோளாறு இல்ல, எழுத்தை எந்த வரிசையில வரையணும்ங்கிற வேலையையே அது செய்யல. ஆங்கிலத்துல ஒரு நிமிஷ வேலை, எங்களுக்கு மூணு வாரம் போச்சு, கடைசில ஒவ்வொரு வாக்கியத்தையும் வேற இடத்துல தட்டி படமா மாத்தி அந்தப் படத்தை ஒட்டினோம். ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடிச்சா மறுபடி படம், மறுபடி ஒட்டு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு தமிழை உடைஞ்சு போன மாதிரி காட்டிடக் கூடாதுன்னு டீச்சர் ரொம்ப கண்டிப்பா இருந்தாங்க, அவங்க இருந்தது சரி.

அவ்வளவு பாடுபட்டு ஒட்டின எழுத்தை அன்னைக்கு யாராலயும் படிக்க முடியல. உச்சி வெயில். போன் திரையை முழு வெளிச்சத்துல வச்சாலும் பிள்ளைங்க முகம்தான் அதுல தெரியுது. தரையைப் பிடிக்கிறதுக்கு கேமராவுக்கு வெளிச்சம் வேணும், திரையைப் படிக்கிறதுக்கு நமக்கு நிழல் வேணும். ஏஆர் ஓடுறப்போ கேமரா, சென்சார், கணக்கு, படம் வரையுறது எல்லாம் ஒண்ணா ஓடுதா, போன் உள்ளுக்குள்ளயே சூடாகும், மேல பினாங்கு வெயில் வேற. போன் தயாரிக்கிறவங்க பொதுவா 35 டிகிரி வரைக்கும்தான் நல்லதுன்னு சொல்றாங்க, நம்ம ஊர்ல நிழல்லயே 32, 33 வந்துடும். கால் மணி நேரத்துல ஒரு போன் தன்னாலயே திரையை மங்கலாக்கிக்குச்சு, இன்னொண்ணு அணைஞ்சே போச்சு. கடைங்கள்ல பாட்டு சத்தம் காதைப் பிளக்குது, அதனால நாங்க பதிவு பண்ணி வச்சிருந்த குரலும் கேக்கல.

எனக்கு அன்னைக்கு உண்மையா பயம் வந்தது வேற விஷயத்துல. ஒரு பொண்ணு முழு கோபுரமும் திரைக்குள்ள வரணும்ன்னு போனைத் தூக்கிக்கிட்டே பின்னாடி பின்னாடி நடக்குறா, பின்னாடி மோட்டோ வருது. டீச்சர் சட்டுன்னு இழுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு போனுக்கு ஒரு பெரியவங்க கூட நிக்கணும்ன்னு முடிவு பண்ணினோம். போன் ஏஆரோட அடிப்படைக் குறையே இதுதான்னு எனக்குத் தோணுது. ஒரு கையால தூக்கிப் பிடிக்கணும், கண்ணு முழுக்க ஒரு உள்ளங்கை அளவு சதுரத்துக்குள்ள போயிடும், சுத்தி இருக்கிற உலகம் மறைஞ்சிடும். உலகத்தைக் கூடுதலா காட்டுறேன்னு வந்தது, உலகத்தைச் சின்னதாக்கிடுது. ரெண்டு நிமிஷத்துல கை வலிக்கும், அதுவும் பத்து வயசுப் பிள்ளைக்கு.

இன்னொண்ணு, போனைத் தூக்கினா எதிர்ல இருக்கிறவங்களுக்கு நாம வீடியோ எடுக்கிறோம்ன்னுதான் படும். மசாலா அரைக்கிற கடை ஐயா ஒருத்தர் வெளிய வந்து "ஏம்மா, கேக்காம எதுக்கு எங்களை எடுக்குறீங்க"ன்னு கேட்டார். எடுக்கல ஐயா, இது வந்துன்னு நான் விளக்க ஆரம்பிச்சு, பாதில நிறுத்திட்டேன். ஏன்னா அவர் கேட்டது நியாயம். கேமரா அவர் கடையைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கு, புள்ளி புள்ளியா அளந்துக்கிட்டுத்தான் இருக்கு. அவர்கிட்ட முன்னாடியே போய் சொல்லி அனுமதி கேட்டிருக்கணும், கேக்காதது எங்க தப்பு. அடுத்த தடவை கடை கடையா போய் கேட்டோம், அதே ஐயா பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு முறுக்கு கொடுத்தார்.

இத்தனைக்கும் நடுவுல அந்தப் பெட்டி மட்டும் நின்னுச்சு.

காரணம் ஒண்ணு, தரை. அந்தக் கடைவீட்டு அஞ்சடியில பழைய காலத்து பூப்போட்ட டைல்ஸ், ஒவ்வொரு கல்லுலயும் நாலு நிறம், கொடி, இலை, ஓரத்துல தேய்மானம். கேமராவுக்கு அது விருந்து, பிடிச்சுக்க எத்தனையோ புள்ளி. ரெண்டு கடை தள்ளி புதுசா வேலை செஞ்ச இடத்துல ஒரே நிறத்துல பளபளன்னு தரை போட்டிருந்தாங்க, அங்க பெட்டியை வச்சா வழுக்கிக்கிட்டு ரோட்டுப் பக்கம் போகுது. கண்ணாடிக் கதவு, வெள்ளைச் சுவர், பளபளக்கிற தரை, இதெல்லாம் கேமராவுக்கு இருட்டறை மாதிரி, பிடிக்க ஒண்ணும் இல்ல. எந்தக் கைகளோ பதிச்ச அந்தக் கல்லாலதான் 2019ல ஒரு போன் சரியா நின்னுச்சுங்கிறதை நினைக்கிறப்போ எனக்கு இப்பவும் ஒரு மாதிரி சிலிர்ப்பா இருக்கு.

அதுவும் பாதிக் காரணம்தான். மிச்ச பாதி, அந்தப் பெட்டி எதையும் சொல்ல வரல, சும்மா அங்க இருந்துச்சு. மத்த பதினொண்ணும் எழுத்து, குரல், தகவல். 1833ன்னு காத்துல ஒரு பலகை மிதக்கிறதுக்கு பதிலா டீச்சர் வாயால சொன்னா நல்லா கேக்கும், ஒரு தாள்ல அச்சடிச்சுக் கொடுத்தா இன்னும் நல்லா படிக்கலாம், தாள் சூடாகாது. பெட்டிய தாள்ல கொடுத்துப் பாருங்க, அது எவ்வளவு பெரிசுன்னு தெரியாது. ஃபோட்டோவுல இருக்கிற பொருள் கைக்கு அடக்கமா இல்ல ஆள் உசரமான்னு ஃபோட்டோ சொல்லாது. அந்தப் பையனுக்கு யாரும் உக்காருன்னு சொல்லல. பெட்டி நிஜ அளவுல தரையில இருந்ததும் அவன் ஒரு சுத்து சுத்தி வந்தான், அப்புறம் அதுக்குப் பின்னாடி தானா போய் சம்மணம் போட்டான், ஏன்னா அது உக்காந்து எழுதுற உயரம்ன்னு அவன் உடம்புக்குத் தெரிஞ்சு போச்சு. நான் பத்து பக்கம் எழுதினாலும் வராத புரிதல் அது.

அன்னைக்கு ராத்திரி வீட்டுல உக்காந்து எழுதி வச்ச வரி இன்னும் என் நோட்டுல இருக்கு: போன் ஏஆர் நல்லா சொல்றது ஒரே ஒரு விஷயம், அளவு. என் உடம்புக்கு முன்னாடி இது எவ்வளவு பெரிசு, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம். அதை மட்டும் கேட்டா பதில் வரும்.

அதுக்கப்புறம் எங்க ஏஆர் பாத்தாலும் இந்தக் கேள்வியோடதான் பாக்குறேன், பெரும்பாலும் சரியாவே வருது. 2016 ஆகஸ்ட் 6ந்தேதி போக்கிமோன் கோ நம்ம நாட்டுக்கு வந்துச்சு, படாங் கோத்தா பக்கம் ராத்திரி ஒரே கூட்டம், நானும் போனேன். ஏஆருன்னா என்னன்னு உலகத்துக்கே தெரிஞ்சது அதனாலதான்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா விளையாடினவங்களைக் கேட்டுப் பாருங்க, பாட்டரி போகுது, பிடிக்கிறது கஷ்டமா இருக்குன்னு நிறைய பேர் அந்தக் கேமரா காட்சியை அணைச்சு வச்சுட்டுத்தான் விளையாடினாங்க. கூட்டத்தை வெளிய கொண்டு வந்தது மேப், ஏஆர் இல்ல. அந்த உருவம் என் முன்னாடி எவ்வளவு பெரிசு நிக்குதுங்கிறது விளையாட்டுக்குத் தேவையே இல்லையே.

2017ல ஐக்கியா கடைக்காரங்க சாமானை வீட்டுல வச்சுப் பாக்குற ஐக்கியா ப்ளேஸ் ஆப் வந்தப்போ அது உடனே புரிஞ்சுச்சு, சோஃபா ஹால்ல அடங்குமா அடங்காதாங்கிறது அளவுக் கேள்வி. கூகள்ல தேடுற மிருகத்தை நிஜ அளவுல வீட்டுல நிக்க வைக்கிற வசதி 2019ல வந்துச்சு, கொரோனாவுக்காக எம்சிஓ போட்டு எல்லாரையும் வீட்டுல அடைச்சாங்களே, 2020 மார்ச் 18ல இருந்து, அப்போ எங்க அண்ணன் பையன் குளுகோர் பிளாட்டுல புலியை நிறுத்திட்டு வீடியோ கால்ல கத்தினான், "அத்தை, வாலு சமையக்கட்டுக்குள்ள போயிடுச்சு!" அப்புறம் புலி பக்கத்துல தரையில படுத்து, தங்கச்சியை விட்டு பாக்கச் சொல்லி, தான் புலியில பாதி கூட இல்லன்னு கண்டுபிடிச்சான். ஆறு வயசு. புலி மாமிசம் சாப்பிடும், காட்டுல வாழும்ங்கிற தகவல் எல்லாம் அவன் புத்தகத்துல ஏற்கனவே படிச்சதுதான். இவ்வளவு பெரிசா இருக்கும்ங்கிறது அன்னைக்குத்தான் அவனுக்குள்ள இறங்குச்சு.

ஆனா அளவுன்னு நான் சொல்றது உடம்பு உணர்ற அளவு, டேப் அளவு இல்ல. இதை நான் காசு கொடுத்துத்தான் கத்துக்கிட்டேன். வீடு மாறினப்போ சாமி அலமாரிக்கு சுவர்ல இருந்த பொறையை போன்லயே ஒரு ஆப் வச்சு அளந்து ஆசாரி அண்ணனுக்கு அனுப்பிட்டேன், அவர் அதை நம்பி மரத்தை அறுத்துட்டார், கொண்டு வந்து வச்சா 3 செண்டிமீட்டர் உள்ள போகல. ஆரம்பப் புள்ளியை நாம எங்க வைக்கிறோம்ங்கிறதுலயே ஒரு தவறு, போன் நகர நகர கணக்கு மெதுவா விலகுறதுல இன்னொரு தவறு, வெள்ளைச் சுவர் வேற. அண்ணன் கோவப்படல, "இதை வச்சு வழி கேக்கலாம்மா, மரம் அறுக்கக் கூடாது"ன்னார். 2020ல இருந்து சில விலை கூடின ஐபோன்ல லைடார் வருது, லேசர் ஒளி அனுப்பி அது திரும்பி வர்ற நேரத்தை வச்சு சுமார் 5 மீட்டர் வரைக்கும் நேராவே தூரம் அளக்கும், தரையை உடனே பிடிக்கும், முன்னாடி ஒரு ஆள் நின்னா பெட்டி அந்த ஆளுக்குப் பின்னாடி மறையும். நல்ல வசதி. அதுலயும் மரம் அறுக்கிற அளவுக்கு நான் போக மாட்டேன்.

வழி கேக்கலாம்ன்னு அண்ணன் சொன்னது நிஜமாவே சரி. வேலை விஷயமா கோலாலம்பூர் போறப்போ மஸ்ஜித் ஜாமெக் ஸ்டேஷன்ல இருந்து வெளிய வந்தா எனக்கு எப்பவும் திசை குழம்பும். மேப்ல நீலப் புள்ளி நான் எங்கன்னு காட்டும், எந்தப் பக்கம் பாத்து நிக்கிறேன்னு தெரியாது, பத்தடி நடந்துட்டு தப்புன்னு திரும்புவேன். கூகள் மேப்ல 2019ல இருந்து லைவ் வியூ இருக்கு, போனைத் தூக்கி எதிர்ல இருக்கிற கட்டடங்களைக் காட்டினா, தெருப் படங்களோட ஒப்பிட்டுப் பாத்து, இந்தப் பக்கம்ன்னு அம்பு காட்டும். பத்து செகண்ட். அம்பைப் பாத்துட்டு போனை இறக்கிட்டா அது மறுபடி மேப்பா மாறிடும், நடக்கிறப்போ தூக்கிக்கிட்டே போகாதன்னு அதுவே சொல்லும். இதை வடிவமைச்சவங்களுக்கு கை வலியும் மோட்டோவும் தெரிஞ்சிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். எடு, பாரு, இறக்கு. போன் ஏஆருக்கு இதுதான் தாங்கும்.

2022ல கூகள் இந்த தெருப்பட வசதியை எங்களை மாதிரி ஆளுங்களும் பயன்படுத்துற மாதிரி திறந்து விட்டாங்க. நாங்க லெபோ குயின்ல போட்டுப் பாத்தோம், முன்னாடி துணிக்கடை மேல மிதந்தது இப்போ கோயில் மேலயே நின்னுச்சு, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா எழுத்தை மறுபடி போடல. கோயில் மேல எழுத்து சரியா நிக்குதுங்கிறதுக்காக அந்த எழுத்து அங்க வேணும்ன்னு ஆகிடாது.

ஏஆர் கண்ணாடி வந்துடும், அப்போ போன் பிரச்சனை எல்லாம் தீரும்ன்னு நண்பர்கள் சொல்றாங்க. போயிங் ஆளுங்க முப்பது வருஷத்துக்கு முன்னாடியே கேட்டது அதுதான், கை ரெண்டும் சும்மா இருக்கணும்ன்னு. 2024 பிப்ரவரில தலையில மாட்டுற ஆப்பிள் விஷன் ப்ரோ வந்துச்சு, 3,499 அமெரிக்க டாலர். எங்க பள்ளிப் பிள்ளைங்களுக்கு அது எத்தனை வருஷம் கழிச்சு வரும். என் அக்கறை, இப்போ கையில இருக்கிற போனை வச்சு, அதால முடிஞ்சதை மட்டும் ஒழுங்கா செய்றது.

இன்னொரு கவலையும் இருக்கு, இது கொஞ்சம் கனமானது. நாம செய்றது எல்லாம் யாரோ ஒருத்தரோட நிலத்துல கட்டுற குடிசை. டேங்கோவை நம்பி எழுதினவங்க வேலை 2018ல போச்சு. முகத்துல பூ வைக்கிறது, மீசை வைக்கிறதுன்னு இன்ஸ்டாகிராம்ல வெளி ஆளுங்க செஞ்ச எஃபெக்ட் எல்லாம், அதுக்கான மெட்டா ஸ்பார்க்ங்கிற மென்பொருளை 2025 ஜனவரி 14ல மூடினதும் மறைஞ்சு போச்சு, உலகம் முழுக்க எத்தனையோ பேரோட உழைப்பு. எழுதி வச்ச தாள் எரிஞ்சாத்தான் போகும், இது எவனாவது ஒரு ஸ்விட்ச்சை அணைச்சாலே போயிடும். அதனால நாங்க இப்போ பெட்டியோட அளவு, மூடியோட சாய்வு, மரத்தோட நிறம் எல்லாத்தையும் ஒரு சாதாரண நோட்டுல பேனாவால எழுதியும் வைக்கிறோம்.

அந்த அளவு பத்தித்தான் கடைசியா ஒண்ணு சொல்லணும்.

எங்க அப்பா சின்ன வயசுல, 1960கள்ல, லெபோ பினாங்கு கிட்டங்கி ஒண்ணுக்கு தேத்தண்ணி கொண்டு போய்க் கொடுத்திருக்கார். நீளமான கூடம், ஆள் ஆளுக்கு ஒரு பெட்டியடி, அதாவது பெட்டி வச்சு உக்கார்ற இடம், உதவிக்கு அடுத்தாள் ஒருத்தர், ஓடியாடி வேலை செய்ற பெட்டியடிப் பையன் ஒருத்தன், அவன் இவர் வயசுதான், இதெல்லாம் சொல்லுவார். 2019ல பெட்டி செய்றப்போ அளவு கேட்டேன். "அதெல்லாம் ஞாபகம் இல்லம்மா, சின்னப் பெட்டிதான்"ன்னுட்டார். அதனால ஒரு பழைய ஃபோட்டோவை வச்சு, பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளோட உசரத்தை உத்தேசமா கணக்குப் போட்டுத்தான் பெட்டியைச் செஞ்சோம்.

2023ல ஒரு நாள் சாயங்காலம் ஹால்ல பாயை விரிச்சு, பாய்ல கோடு கோடா இருக்கிறதால கேமரா நல்லா பிடிச்சுக்கும், அது மேல பெட்டியை வச்சு அப்பாகிட்ட போனைக் கொடுத்தேன். அவருக்கு 73 வயசு, கை நடுங்குச்சு, நான் கூட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் போனை என் கையில கொடுத்துட்டு, முட்டி வலியோட மெதுவா தரையில உக்காந்தார், நான் வேணாம்ப்பான்னு சொல்றதுக்குள்ள உக்காந்துட்டார். சம்மணம் போட்டு, வலது முழங்கையை காத்துல வச்சு, "இப்போ சரியா மேல இருக்கா"ன்னு கேட்டார். இன்னும் கொஞ்சம் தூக்கணும்ப்பான்னேன். தூக்கினார். தோள் காதுகிட்ட ஏறிடுச்சு.

"பாத்தியா, தோள் ஏறுது. செட்டியார் நாள் முழுக்க எழுதுவார்ம்மா, தோள் ஏறவே ஏறாது, முழங்கை இப்படித் தொங்கின மாதிரி மூடி மேல கிடக்கும். நாலு விரல் குறை."

நான் உள்ள போய் 2019 வீடியோவை எடுத்துப் பாத்தேன். அஞ்சடியில உக்காந்திருக்கிற அந்தப் பையன், தோள் ரெண்டும் காதுகிட்ட. நாலு வருஷமா அதை எத்தனை தடவை பாத்திருப்பேன், பெட்டி சரியா நிக்குதான்னு மட்டும்தான் பாத்திருக்கேன்.

அப்பா விரலை டேப்ல வச்சு அளந்தேன், நாலு விரல் 7 செண்டிமீட்டர். குறைச்சு, மறுபடி பாய் மேல வச்சேன். முழங்கையை வச்சுப் பாத்தார், தோள் இறங்கிடுச்சு. தேத்தண்ணி கிளாஸ் பெட்டி மேல எந்தப் பக்கம் வைப்பீங்கன்னு கேட்டேன். பெட்டி மேல வைக்க விடமாட்டாங்க, கணக்குப் புத்தகம் நனைஞ்சிடும், வலது பக்கம் தரையிலன்னு சொல்லி, கையை நீட்டி இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கயே ஒரு கிளாஸ் வச்சிருக்கேன்.